உரப் பையை வைத்து மூலக்கூறின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

உயர்தர இரசாயனவியலில் இரண்டாவது அலகு கட்டமைப்பும் பிணைப்பும். இந்த அலகை நம் பிள்ளைகள் படிக்கும் விதத்தைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஓர் அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்: மெதேன் நான்முகி, அமோனியா கூம்பகம், நீர் கோணம், காபனீரொட்சைட்டு நேர்கோடு. பரீட்சையில் அந்த அட்டவணையில் இல்லாத ஓர் அயன் வந்ததும் பேனை நின்றுவிடுகிறது. இங்கே மனப்பாடம் செய்ய அநேகமாக ஒன்றுமே இல்லை. இலத்திரன்களை எண்ணி, படம் வரைந்து, மறுபடி ஒருமுறை எண்ணினால் வடிவம் தானாக வந்து நிற்கும்.

மலையகத்தில் தமிழ் மொழியில் இரசாயனவியல் படிப்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் நிறைய உண்டு. சனி ஞாயிறுகளில் ஹட்டனுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறி கிளாஸ் போக எல்லோராலும் முடியாது. அப்படி வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேவையான பொருட்கள் கொஞ்சம்தான்: ஓர் ஆவர்த்தன அட்டவணை, கொப்பி, பென்சில், அழிறப்பர், நாலைந்து பலூன். உதாரணங்களுக்கு வேறெங்கும் போக வேண்டாம், தோட்டத்து ஸ்டோரில் அடுக்கியிருக்கும் பைகளே போதும். யூரியா, அமோனியம் சல்பேற்று, டொலமைட், எப்பாவல பொஸ்பேட், பொட்டாஷ். அடிப்படை வடிவங்களில் பெரும்பகுதி இந்தப் பைகளுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில், இது மூலக்கூறா அயனா என்று பாருங்கள்

பொட்டாஷ் பையில் இருப்பது பொட்டாசியம் குளோரைட்டு. பிணைப்பிலுள்ள இலத்திரனைத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றலை மின்னெதிர்த்தன்மை என்கிறோம். பொட்டாசியத்தின் மின்னெதிர்த்தன்மை 0.82, குளோரீனுடையது 3.16. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது இலத்திரனைப் பங்குபோட்டுக்கொள்ளும் பேச்சே இல்லை, குளோரீன் அதைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்தப் பைக்குள் பொட்டாசியம் குளோரைட்டு மூலக்கூறு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு பொட்டாசியம் அயனைச் சுற்றியும் 6 குளோரைட்டு அயன்கள், ஒவ்வொரு குளோரைட்டைச் சுற்றியும் 6 பொட்டாசியம் அயன்கள் என்று சாலகம் நீண்டுகொண்டே போகும். இதற்கு மூலக்கூற்று வடிவம் கேட்க முடியாது. கேள்வியே பொருந்தாது.

அமோனியம் சல்பேற்றுதான் ஆட்களைக் குழப்புவது. அதில் உலோகமே இல்லை, அதனால் முழுவதும் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது அமோனியம் அயனும் சல்பேற்று அயனும் சேர்ந்த அயன் சேர்வை. ஆனால் ஒவ்வோர் அயனுக்கு உள்ளேயும் அணுக்கள் பங்கீட்டு வலுப் பிணைப்பால் பிடிபட்டிருக்கின்றன. டொலமைட்டும் அப்படித்தான், கல்சியம் அயன், மக்னீசியம் அயன், காபனேற்று அயன். எனவே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது இது: எந்தச் சேர்வையைக் கண்டாலும் முதலில் அயன்களாகப் பிரித்துவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட அணு உள்ள அயனை மட்டும் தனியாக எடுத்து வரையுங்கள்.

எண்ணுவது

வலுவளவு ஓட்டில், அதாவது அணுவின் வெளி ஓட்டில், இருக்கும் இலத்திரன்கள் மட்டுமே பிணைப்பில் ஈடுபடுகின்றன. புள்ளி வைத்து வரையும் இந்த முறையை 1916இல் அமெரிக்க இரசாயனவியலாளர் லூயிஸ் கொண்டுவந்தார், இரண்டு அணுக்கள் ஒரு சோடி இலத்திரனைப் பங்குபோட்டுக்கொள்வதே பிணைப்பு என்ற எண்ணமும் அவருடையதே. ஐதரசனுக்கு 1, காபனுக்கு 4, நைதரசனுக்கும் பொசுபரசுக்கும் 5, ஒட்சிசனுக்கும் கந்தகத்துக்கும் 6, குளோரீனுக்கு 7. 13ஆம் கூட்டத்துக்கு மேலே கூட்ட எண்ணிலிருந்து 10ஐக் கழித்தால் இந்த எண் வந்துவிடும்.

எல்லா அணுக்களுக்கும் கூட்டுங்கள். மறையேற்றம் இருந்தால் அத்தனை இலத்திரனைச் சேருங்கள், நேரேற்றம் இருந்தால் அத்தனையைக் கழியுங்கள். மறை என்று எழுதியிருப்பதைக் கண்டதும் கை தன்பாட்டில் கழித்துவிடும், அங்கே கவனம்: இலத்திரனே மறையேற்றம் உடையது, மறை அயன் என்றால் அதனிடம் இலத்திரன் கூடுதலாக இருக்கிறது.

அமோனியம்: 5 உடன் 4, அதில் 1 குறைய, 8. காபனேற்று: 4 உடன் மூன்று ஒட்சிசனுக்கு 18, ஏற்றத்துக்கு 2, மொத்தம் 24. சல்பேற்று: 6, 24, 2, ஆக 32. யூரியா: காபன் 4, ஒட்சிசன் 6, இரண்டு நைதரசன் 10, நாலு ஐதரசன் 4, மொத்தம் 24. இந்த எண்ணைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வட்டம் போடுங்கள். படம் முடிந்ததும் புள்ளிகளையும் கோடுகளையும் மறுபடி எண்ணி இதோடு ஒப்பிட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தப் படம் பிழை.

எலும்புக்கூடும் புள்ளிகளும்

மின்னெதிர்த்தன்மை குறைந்த அணு நடுவில் வரும். ஐதரசன் மட்டும் எந்த நாளும் நடுவுக்கு வராது, ஏனென்றால் ஐதரசனால் ஒரு பிணைப்புக்கு மேல் தாங்க முடியாது. யூரியாவில் காபன் நடுவில், அதற்கு ஒரு பக்கம் ஒட்சிசன், மற்ற இரண்டு பக்கமும் நைதரசன், ஒவ்வொரு நைதரசனிலும் இரண்டிரண்டு ஐதரசன்.

இனிக் காபனேற்றை முழுதாகச் செய்து பார்ப்போம், ஏனென்றால் இதில் எல்லாச் சிக்கலும் வருகிறது. நடுவில் காபன், சுற்றி மூன்று ஒட்சிசன், மூன்று கோடு. ஒரு கோடு என்றால் ஒரு சோடி, மூன்று கோட்டுக்கு 6 இலத்திரன் போனால் மிச்சம் 18. வெளியிலிருக்கும் ஒட்சிசன்களை முதலில் நிரப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடி, 18உம் தீர்ந்துவிட்டது. இப்போது காபனைப் பாருங்கள், அதைச் சுற்றி 6 இலத்திரன்தான். ஓட்டை நிரப்ப எட்டு வேண்டும். புதிதாக இலத்திரன் கொண்டுவர முடியாது, ஆகவே ஓர் ஒட்சிசனின் தனிச்சோடியை (பிணைப்பில் சேராமல் அதனிடமே இருக்கும் ஒரு சோடியை) உள்ளே இழுத்து இரண்டாவது கோடாக்குங்கள். முடிந்தது.

எந்த ஒட்சிசனை இழுப்பது? மேலே உள்ளதா, இடமா, வலமா? இந்தக் கேள்வி உங்களுக்கு வந்தால் நீங்கள் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்றுமே ஒரே மாதிரியான ஒட்சிசன், ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுக்கக் காரணம் இல்லை. அதனால் மூன்று படமும் வரைய வேண்டும், அவைதான் பரிவுக் கட்டமைப்புகள். இதைப் படிக்கும்போது பலர் மனதில் இரட்டைப் பிணைப்பு ஓர் ஒட்சிசனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருப்பதாக ஒரு படம் பதிந்துவிடுகிறது. அது தவறு, அதை இன்றே அழித்துவிடுங்கள். எதுவும் தாவவில்லை. உண்மையான அயன் ஒன்றே ஒன்று. அதில் மூன்று பிணைப்பும் சம நீளம், சுமார் 129 பிக்கோமீற்றர். காபன் ஒட்சிசன் தனிப்பிணைப்பு 143 அளவிலும் இரட்டைப் பிணைப்பு 120 அளவிலும் இருக்க, இது இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அந்த இரண்டாவது சோடி மூன்று ஒட்சிசன் மீதும் பரவிக் கிடக்கிறது. பரவிக் கிடக்கும் சோடியை ஒற்றைப் படத்தில் காட்டக் கோடும் புள்ளியும் போதாது, அதனால் மூன்று படம் வரைகிறோம். குறை நம் வரையும் முறையில் உள்ளது, அயனில் இல்லை.

முறைசார் ஏற்றத்தையும், அதாவது படத்தின்படி ஒவ்வோர் அணுவுக்கும் கணக்கில் வரும் ஏற்றத்தையும், இந்த இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். அணுவின் வலுவளவு இலத்திரன் எண்ணிக்கையிலிருந்து அதன் மீதுள்ள தனிச்சோடி இலத்திரன்களைக் கழித்து, அதைத் தொடும் கோடுகளின் எண்ணிக்கையையும் கழிக்க வேண்டும். இரட்டைப் பிணைப்பு ஒட்சிசன்: 6 கழி 4 கழி 2, பூச்சியம். தனிப்பிணைப்பு ஒட்சிசன்: 6 கழி 6 கழி 1, மறை 1. அப்படி இரண்டு, காபனில் பூச்சியம், மொத்தம் மறை 2. அயனின் ஏற்றத்தோடு பொருந்துகிறது.

சல்பேற்றில் ஒரு விவாதம் உண்டு. நாலும் தனிப்பிணைப்பாக வரைந்தால் கந்தகத்தில் நேர் 2, ஒவ்வோர் ஒட்சிசனிலும் மறை 1. இரண்டை இரட்டைப் பிணைப்பாக்கினால் கந்தகத்தில் ஏற்றம் பூச்சியமாகிறது, கந்தகம் மூன்றாம் ஆவர்த்தனத்தில் இருப்பதால் எட்டுக்கு மேல் எழுத அனுமதியும் இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் ஏற்றம் குறைந்த படத்தையே வழக்கமாக எழுதுகிறோம், அதையே எழுதுங்கள். வடிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த படியில் ஏன் என்று தெரியும். ஆனால் நைதரசனுக்கு இந்தச் சலுகை கிடையாது. நைத்திரேற்றில் ஏற்றத்தைப் பூச்சியமாக்கும் ஆசையில் நைதரசனுக்கு ஐந்து கோடு போடாதீர்கள். அது இரண்டாம் ஆவர்த்தனம், எட்டோடு நிறுத்த வேண்டும். அங்கே நைதரசனில் நேர் 1 இருக்கத்தான் செய்யும்.

பலூனை எடுங்கள்

படம் தாளில் தட்டையாக இருக்கிறது, மூலக்கூறு தட்டையாக இருக்க வேண்டியதில்லை. இங்கேதான் இரண்டாவது முறை எண்ணுகிறோம்: நடு அணுவைச் சுற்றி எத்தனை திசையில் இலத்திரன் இருக்கிறது? தனிப்பிணைப்பு ஒன்று, இரட்டைப் பிணைப்பும் ஒன்று, மும்மைப் பிணைப்பும் ஒன்று, தனிச்சோடி ஒன்று. இரட்டைப் பிணைப்பை இரண்டாக எண்ணினால் எல்லாம் தலைகீழாகிவிடும். அதில் இரண்டு சோடி இருந்தாலும் இரண்டும் ஒரே திசையில், ஒரே ஒட்சிசனை நோக்கித்தானே இருக்கின்றன. சல்பேற்றில் எந்தப் படம் வரைந்தாலும் திசைகள் நாலுதான் என்பது இப்போது புரியும்.

பலூன்களை ஒரே அளவில் ஊதி, இரண்டிரண்டாக வாய்ப் பக்கம் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு பலூன் எதிரெதிராக நிற்கும், 180 பாகை. அந்தச் சோடியோடு மூன்றாவதைச் சேர்த்துக் கட்டினால் மூன்றும் ஒரே தளத்தில் 120 பாகையில் விரியும். இரண்டு சோடியை நடுவில் முறுக்கிச் சேர்த்தால் நாலு பலூன், அவை மேசையில் சிலுவை மாதிரித் தட்டையாகக் கிடக்காது. அழுத்தித் தட்டையாக்கினாலும் கையை எடுத்ததும் நான்முகியாகத் துள்ளி எழும். தட்டையாக இருந்தால் பக்கத்துப் பலூனுக்கு 90 பாகை இடம்தான், நான்முகியில் 109.5 பாகை கிடைக்கிறது. இதைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவர் நான்முகியை மறக்கமாட்டார், அதனால் தயவுசெய்து படித்துவிட்டுத் தாண்டிப் போகாமல் செய்து பாருங்கள்.

பலூன் இடித்துக்கொள்கிறது, சரி. இலத்திரன் சோடி ஏன் விலகுகிறது? இரண்டும் மறையேற்றம், அதனால் தள்ளுகின்றன என்பது பாதிப் பதில். மீதிப் பாதி பவுலியின் தவிர்க்கைத் தத்துவம்: ஒரே சுழற்சியுள்ள இரண்டு இலத்திரன்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு சோடியும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றச் சோடிகளை அங்கே அண்டவிடுவதில்லை. சோடிகளின் எண்ணிக்கைக்கும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பை 1940இல் சிட்விக்கும் பவலும் எடுத்துச் சொன்னார்கள், 1957இல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை விரிவாக்கி இன்று நாம் படிக்கும் வலுவளவு ஓட்டு இலத்திரன் சோடித் தள்ளுகைக் கொள்கையாக்கினார்கள்.

பெயர் வைக்கும்போது அணுக்களை மட்டும் பாருங்கள்

இலத்திரன் சோடிக் கேத்திரகணிதம் ஒன்று, வடிவம் இன்னொன்று. பரீட்சையில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பார்கள். முதலாவதில் தனிச்சோடியும் சேர்த்தி, இரண்டாவதில் அணுக்கள் நிற்கும் இடம் மட்டும்.

அமோனியத்தில் நைதரசனைச் சுற்றி நாலு பிணைப்பு, தனிச்சோடி இல்லை. இரண்டுமே நான்முகி, 109.5 பாகை. இதிலிருந்து ஒரு புரோத்தனை (இலத்திரன் இல்லாத ஐதரசன் கருவை) எடுத்துவிட்டால் அமோனியா. இதை நீங்களே நடத்திப் பார்க்கலாம்: ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேற்று, ஒரு சிட்டிகை அடுப்புச் சாம்பல், இரண்டு துளி தண்ணீர். வீட்டுக்கு வெளியே காற்றோட்டத்தில் வைத்து, மூக்கை அருகே கொண்டுபோகாமல் கையால் விசிறி மணம் பாருங்கள். விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியம் காபனேற்று காரமானது, அது அமோனியத்திலிருந்து புரோத்தனைப் பறிக்கிறது, மூக்கைக் குத்தும் மணம் கிளம்புகிறது. அமோனியம் உரத்தைச் சுண்ணாம்போடும் சாம்பலோடும் கலக்காதே என்று தோட்டத்தில் சொல்வது இதனால்தான், நைதரசன் காற்றோடு போய்விடும். வடிவத்துக்கு என்ன நடந்தது? நாலு திசை இன்னும் நாலு திசைதான், ஆனால் ஒன்றில் இப்போது அணு இல்லை, தனிச்சோடி மட்டும். நாலு பலூனில் ஒன்றை மனதால் மறைத்துவிட்டு மற்ற மூன்றையும் நடுப்புள்ளியையும் பாருங்கள், முக்கோணக் கூம்பகம்.

கோணமும் 109.5இலிருந்து 107க்கு இறங்குகிறது. பிணைப்புச் சோடியை இரண்டு கருக்கள் இழுத்து மெலிதாக வைத்திருக்கின்றன. தனிச்சோடியை ஒரே ஒரு கருதான் பிடித்திருக்கிறது, அதனால் அது நடு அணுவுக்குக் கிட்ட அகலமாகப் பரந்து மற்றவற்றை நெருக்குகிறது. நீரில் அப்படிப்பட்ட சோடி இரண்டு, கோணம் 104.5. மெதேன், அமோனியா, நீர் என்று 109.5, 107, 104.5 வரிசையாக இறங்குவதற்குக் காரணம் இந்த நெருக்கல்தான்.

நுவரெலியாவில் கேத்தில் கொதிப்பதும் கொழுந்து கருகுவதும்

நீரின் கோண வடிவத்தைச் சும்மா கடந்து போக எனக்கு மனமில்லை. ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை 3.44, ஐதரசனுடையது 2.20, ஆகவே ஒவ்வொரு பிணைப்பிலும் இலத்திரன் ஒட்சிசன் பக்கம் சாய்கிறது. வடிவம் நேர்கோடாக இருந்திருந்தால் இரண்டு சாய்வும் ஒன்றையொன்று அழித்திருக்கும். கோணமாக இருப்பதால் கூடிச் சேர்ந்து 1.85 டிபை இருமுனைவுத் திருப்புதிறன் வருகிறது (மொத்தச் சாய்வின் அளவு இது, டிபை அதன் அலகு). ஐதரசன் முனை பக்கத்து மூலக்கூறின் தனிச்சோடியை நாடுகிறது, ஐதரசன் பிணைப்பு உருவாகிறது. ஐதரசன் சல்பைட்டு இதைவிடப் பாரமான மூலக்கூறு, ஆனாலும் அது மறை 60 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். நீரோ கடல் மட்டத்தில் 100 வரை தாக்குப்பிடிக்கிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவு என்பதால் சுமார் 94 பாகையில் கொதித்தாலும், ஐதரசன் சல்பைட்டோடு ஒப்பிட்டால் அதுவும் மிகப் பெரிய எண்தான்.

தை மாசி மாதங்களில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதற்குப் பின்னாலும் இதே நாலு திசைதான். உறையும்போது ஒவ்வொரு நீர் மூலக்கூறும் நாலு அயலவரோடு ஐதரசன் பிணைப்பு வைத்துக்கொள்கிறது: தன் இரண்டு ஐதரசனால் இரண்டு, தன் இரண்டு தனிச்சோடியால் இரண்டு, நான்முகித் திசைகளில். அந்த அமைப்பில் நடுவே வெறும் இடம் அதிகம், அதனால் பனிக்கட்டியின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.917 கிராமாகக் குறைகிறது, கனவளவு கூடுகிறது. இலைக் கலங்களுக்கு இடையிலும் உள்ளேயும் பனிப்பளிங்கு வளரும்போது மென்சவ்வு கிழிந்து கலம் நீரை இழக்கிறது, வெயில் ஏறியதும் கொழுந்து கறுத்துப் போகிறது.

மண்ணுக்குள் ஒரு நைதரசனைப் பின்தொடருங்கள்

எனக்குத் தெரிந்த நல்ல பயிற்சி இதுதான், முழு அலகும் இதற்குள் அடங்கிவிடும். யூரியாவை மலையில் விசிறியதும் மண்ணிலுள்ள யூரியேசு என்ற நொதியம் அதை அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கிறது. அமோனியா ஈரமண்ணில் புரோத்தனை வாங்கி அமோனியமாகிறது. பக்ரீறியாக்கள் அமோனியத்தை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றுகின்றன. தேயிலை வேர் நைத்திரேற்றைவிட அமோனியத்தை விரும்பி எடுக்கும் பயிர். இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நைதரசனின் வடிவத்தைக் கண்டுபிடியுங்கள்.

அமோனியா கூம்பகம், அமோனியம் நான்முகி, ஏற்கெனவே பார்த்தோம். நைத்திரைற்று: 5, 12, 1, மொத்தம் 18. நைதரசனில் ஒரு தனிப்பிணைப்பு, ஓர் இரட்டைப் பிணைப்பு, ஒரு தனிச்சோடி. மூன்று திசை, ஆகவே கேத்திரகணிதம் தளமுக்கோணி. அணுக்களை மட்டும் பார்த்தால் கோணம், அளவு சுமார் 115 பாகை, தனிச்சோடி நெருக்குவதால் 120ஐ விடக் குறைவு. நைத்திரேற்று: 24 இலத்திரன், மூன்று திசை, தனிச்சோடி இல்லை, சரியான தளமுக்கோணி, 120 பாகை, மூன்று பரிவுக் கட்டமைப்பு. அட, இது காபனேற்றின் படமேதான்! அதே 24, அதே அணு எண்ணிக்கை, நடுவில் காபனுக்குப் பதில் நைதரசன், அவ்வளவே. இப்படி இலத்திரன் எண்ணிக்கை ஒத்துப்போகும் சோடிகளைக் கண்டுபிடிக்கப் பழகினால் பாதி வேலை குறையும்.

யூரியாவையே கடைசிக்கு வைத்தேன், அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காபனில் மூன்று திசை, தளமுக்கோணி, சிக்கல் இல்லை. நைதரசனில் மூன்று பிணைப்பும் ஒரு தனிச்சோடியும், நாலு திசை, எனவே கூம்பகம் என்று கொள்கை சொல்கிறது. ஆனால் யூரியாப் பளிங்கை அளந்து பார்த்தால் மூலக்கூறு முழுக்கத் தட்டை. காரணம் பரிவு: நைதரசனின் தனிச்சோடி பக்கத்துக் காபன் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்போடு சேர்ந்து பரவுகிறது, அப்படிப் பரவ நைதரசன் தட்டையாக நிற்க வேண்டும். காபன் நைதரசன் பிணைப்பு சுமார் 134 பிக்கோமீற்றர், சாதாரண தனிப்பிணைப்பின் 147ஐ விட நன்றாகவே குறுகியது. வாயு நிலையில் தனி மூலக்கூறாக இருக்கும்போது நைதரசன் கொஞ்சம் கூம்பிக்கொள்கிறது. இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்து அணுவில் தனிச்சோடி இருந்தால் எப்போதும் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பரீட்சையில் லூயிஸ் கட்டமைப்பைத் தந்து வடிவம் கேட்டால் அந்தக் கட்டமைப்பின்படியே எண்ணி எழுதுங்கள், பல்கலைக்கழகத்தில் மீதியைப் படிப்பீர்கள்.

1828இல் ஜெர்மனிய இரசாயனவியலாளர் வோலர் அமோனியம் சயனேற்றிலிருந்து இந்த யூரியாவை ஆய்வுகூடத்தில் தயாரித்தார். சயனேற்று அயனில் 16 வலுவளவு இலத்திரன், நேர்கோடு. அமோனியத்தில் 8, நான்முகி. இரண்டையும் கூட்டினால் யூரியாவின் அதே 24. அணுக்கள் அவையே, இலத்திரன்கள் அவையே, அடுக்கு மட்டும் மாறியிருக்கிறது.

முனைவுத்தன்மை

வடிவம் தெரிந்தால் இது இரண்டு நிமிட வேலை. தூளாக்கிய டொலமைட்டில் எலுமிச்சஞ்சாறு விட்டால் மெதுவாகக் குமிழி வரும், காபனேற்று காபனீரொட்சைட்டாகிறது. 16 இலத்திரன், காபனில் இரண்டே திசை, நேர்கோடு. ஒவ்வொரு பிணைப்பும் முனைவானது, ஆனால் எதிரெதிரே இழுப்பதால் மூலக்கூறுக்கு முனைவு இல்லை. அமோனியாவுக்கு 1.47 டிபை. அதே கூம்பக வடிவமுள்ள நைதரசன் முப்புளோரைட்டுக்கு 0.23தான். புளோரீன் இவ்வளவு இழுக்கும்போது ஏன் குறைகிறது? அமோனியாவில் பிணைப்புகளின் சாய்வும் தனிச்சோடியும் ஒரே திசையில் உதவுகின்றன, முப்புளோரைட்டில் பிணைப்புகள் தனிச்சோடிக்கு எதிர்த்திசையில் இழுத்து அதை அநேகமாகச் சமன்செய்துவிடுகின்றன. இதை அம்புக்குறி போட்டு ஒருமுறை வரையுங்கள்.

கலப்பாக்கம் கடைசியில்

அணுவின் எஸ், பி ஓபிற்றல்கள் (இலத்திரன் இருக்கும் இடங்கள்) ஒன்றோடொன்று கலப்பதே கலப்பாக்கம். அதை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதிலிருந்து வடிவத்துக்கு வருவதை நான் விரும்புவதில்லை. ஒழுங்கு மறுபக்கம். திசைகளை எண்ணியாகிவிட்டது என்றால் இரண்டுக்கு எஸ்பி, மூன்றுக்கு எஸ்பி2, நாலுக்கு எஸ்பி3, முடிந்தது. சிக்மா பிணைப்பு (முதல் கோடு) கலப்பு ஓபிற்றலாலும் பை பிணைப்பு (அதற்கு மேல் வரும் கோடு) கலக்காமல் மிஞ்சிய பி ஓபிற்றலாலும் ஆனது. காபனேற்றின் காபன் எஸ்பி2, அதில் மிஞ்சிய ஒரு பி ஓபிற்றல் வழியாகத்தான் அந்த இரண்டாவது சோடி மூன்று ஒட்சிசன் மீதும் பரவுகிறது.

ஐந்தும் ஆறும்

உரப் பையில் இவை கிடைக்காது, ஆனால் பரீட்சையில் வரும். ஐந்து திசைக்கு முக்கோண இருகூம்பகம், ஆறுக்கு எண்முகி. ஐந்தில் இடங்கள் சமமில்லை: மேலும் கீழும் உள்ள இடங்களுக்கு 90 பாகையில் மூன்று அயலவர், நடுத்தளத்து இடங்களுக்கு 90 பாகையில் இரண்டே அயலவர். பரந்து கிடக்க விரும்பும் தனிச்சோடி இடைஞ்சல் குறைந்த நடுத்தளத்தையே பிடிக்கும். அதனால் கந்தக நாற்புளோரைட்டு சீசோ வடிவம், குளோரீன் முப்புளோரைட்டு டி வடிவம். ஆறில் இரண்டு தனிச்சோடி வந்தால் எதிரெதிரே நிற்கும், சேனன் நாற்புளோரைட்டு சதுரத்தளம்.

இந்தக் கொள்கை எடுபடாத இடமும் உண்டு. தேயிலையின் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்துகளிலுள்ள செம்பு அயனைப் போன்ற தாண்டல் உலோகங்களுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள், டி ஓபிற்றல் இலத்திரன்கள் அங்கே வேறு கணக்கில் நடக்கின்றன.

இன்றிரவு செய்ய

கொப்பியில் இவற்றை எடுத்து வரையுங்கள், ஒவ்வொன்றுக்கும் மொத்த இலத்திரன், லூயிஸ் கட்டமைப்பு, முறைசார் ஏற்றம், திசைகள், கேத்திரகணிதம், வடிவம், கலப்பாக்கம் என்ற ஒழுங்கில்: பொசுபேற்று, ஐதரசன்காபனேற்று, கந்தகவீரொட்சைட்டு, ஓசோன், ஐதரோனியம் (ஒரு புரோத்தனை வாங்கிய நீர்). விடையைப் பார்க்குமுன் முழுவதும் முடியுங்கள்.

பொசுபேற்று 32, நான்முகி, எஸ்பி3. எப்பாவல பொஸ்பேட்டில் இருப்பது இந்த அயன்தான். ஐதரசன்காபனேற்று 24, காபனைச் சுற்றித் தளமுக்கோணி. ஐதரசன் ஒட்சிசனோடு சேரும், காபனோடு சேர்த்திருந்தால் மறுபடி வரையுங்கள். கந்தகவீரொட்சைட்டும் ஓசோனும் ஒவ்வொன்றும் 18, இரண்டும் கோண வடிவம், முதலாவது சுமார் 119 பாகை, இரண்டாவது சுமார் 117. நைத்திரைற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மூன்றும் ஒரே குடும்பம். ஐதரோனியம் 8, ஒட்சிசனில் ஒரு தனிச்சோடி, முக்கோணக் கூம்பகம், ஒட்சிசனில் முறைசார் ஏற்றம் நேர் 1.